இரண்டு பிளக்கும் ஒரு வழக்கும்

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றை இன்னும் கூட்டினால் எரிபொருள் மிச்சமாகும், புகையில் கார்பன் மோனாக்சைடும் குறையும். ஆனால் நீர்த்த கலவை லேசில் பற்றாது. பற்றினாலும் தீ மெதுவாகவே பரவும். இதற்கு ஒரு வழி, எரியறையின் இரு பக்கமும் பொறி தரும் பிளக் வைப்பது. யோசனை பழையது: இத்தாலியின் ஆல்ஃபா நிறுவனம் 1914-லேயே பந்தயக் காரில் இரட்டை பிளக் வைத்தது.

சின்ன எஞ்சினுக்கு அதைக் கொண்டுவந்ததாகச் சொல்லி, பஜாஜ் 2002 ஜூலையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, 2005-ல் கிடைத்தது. கோரியது 45 முதல் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்கு. எண்ணெய் படாமலிருக்க ஒரு பிளக்கைக் குழல் போன்ற உறைக்குள் பொருத்தினார்கள். 2003-ல் பல்சர் பைக் இந்த எஞ்சினோடு டிடிஎஸ்-ஐ என்ற பெயரில் வந்தது.

2007-ல் ஓசூரின் டிவிஎஸ் 125 சிசி ஃபிளேமை அறிவித்தது: இரண்டு பிளக், மூன்று வால்வு. இது தன் காப்புரிமையை மீறுவதாக பஜாஜ் சொன்னது; வழக்கு எழுந்தது. வால்வு எண்ணிக்கையே வேறு என்பது டிவிஎஸின் முக்கிய வாதம். 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க, மார்ச்சில் வண்டி ஒரே பிளக்கோடு விற்பனைக்கு வந்தது. 2009 மே மாதம் மேல்முறையீட்டில் தடை நீங்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாம் என்றது. இத்தகைய வழக்குகளை அன்றாடம் விசாரித்து நான்கே மாதத்தில் முடிக்கவும் சொன்னது. இந்த வழக்கோ 2019-ல்தான் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் ஃபிளேமே சந்தையில் இல்லை.