கண்மாய், கொழுஞ்சி, பலா: புதுக்கோட்டை விவசாயத்தின் கதை

கல்லூரியில் யாராவது ஊர் கேட்டு, புதுக்கோட்டை என்று சொன்னால் உடனே வரும் பதில், "வறண்ட ஊராச்சே, அங்கே என்ன விளையும்?" என்பதுதான். பலா, வாழை, தென்னை, முந்திரி, நெல், கடலை, உளுந்து என்று நான் அடுக்க ஆரம்பித்தால் நம்ப மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :)

மழையை நம்பிய மண்

புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1974 ஜனவரி 14 அன்று உருவானது. அதற்கு முன் இதன் பெரும்பகுதி தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அது 1948 மார்ச் மாதம் இந்தியாவுடன் இணைந்தது. பக்கத்திலேயே காவிரி ஓடினாலும் இங்கே பெரும்பாலான ஊர்களுக்கு அந்தத் தண்ணீர் வராது. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய், அறந்தாங்கிப் பக்கம் கடைமடையாக எட்டிப் பார்ப்பதோடு சரி. மற்றவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி.

இரண்டு மூன்று மாதம் பெய்யும் மழையை வைத்து ஆண்டு முழுக்கச் சாப்பிடுவது எப்படி? அதற்கு நம் முன்னோர் கண்ட விடை கண்மாய். இந்த மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். சங்கிலி போல ஊருக்கு ஊர் தொடரும். இடையில் ஒரு வரத்து வாய்க்கால் அடைபட்டால் கீழே உள்ள ஊர்களுக்கெல்லாம் பட்டினி. அதனால் நீரைப் பங்கிடுவது ஒரு ஊரின் வேலையாக மட்டும் இருக்க முடியவில்லை.

குமிழி செய்த வேலை

பழைய கண்மாய்களுக்குள் இரண்டு கல்தூண்கள் நட்டு, குறுக்கே கல் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொக்கு உட்காரும் இடம் என்றுதான் நானும் சிறுவயதில் நினைத்திருந்தேன். அதுதான் குமிழித்தூம்பு. முத்தரையர், சோழர், பாண்டியர் காலத்துத் தொழில்நுட்பம். தூணுக்குக் கீழே ஒரு கல்தொட்டி, அதிலிருந்து கரைக்கு அடியில் வயலுக்கு ஒரு கால்வாய். தொட்டியின் மேலே நீரோடித் துளை, கீழே சேறோடித் துளைகள். ஆள் நீந்திப் போய் அடைப்பைத் தூக்கினால் மேலே நீரும், கீழே சேறும் சேர்ந்து வெளியேறும்.

இதில் இரண்டு நன்மை. கண்மாய் சீக்கிரம் தூர்ந்துபோகாது, வயலுக்கு வண்டலும் கிடைக்கும். இதோடு கோடையில் கண்மாய் வண்டலை மாட்டு வண்டியில் அடித்து வயலில் கொட்டுவார்கள், அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போடுவார்கள். 'நீடித்த வேளாண்மை' என்ற சொல் வருவதற்கு முன்பே அது நடந்துகொண்டிருந்தது.

ஆனால் பழைய காலம் எல்லாமே பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சமஸ்தானத்தில் அமானி என்றொரு முறை இருந்தது. விளைச்சலில் ஒரு பங்கு அரசுக்கு. அதிகாரி வந்து பார்த்துப் பங்கு பிரிக்கும் வரை குடியானவன் தன் நெல்லையே தொட முடியாது. 1878-இல் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரிதான் அதை ஒழித்துப் பணமாக வரி கட்டும் முறையைக் கொண்டுவந்தார். மண் வளமாக இருந்தாலும் உழுதவன் வயிறு நிறைந்ததா என்பது வேறு கேள்வி!

கொழுஞ்சி

1960களில் ஏடிடி 27, ஐஆர் 8 போன்ற நெல் ரகங்கள் வந்தன, கூடவே உரமும் பூச்சிமருந்தும் வந்தன. பஞ்சத்துக்குப் பயந்த நாட்டுக்கு அப்போது அது தேவைப்பட்டது. ஆனால் பாசன வசதி உள்ள நிலத்துக்காக வந்த அந்த முறை, மானாவாரி நிலத்தில் செலவைத்தான் கூட்டியது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த நம்மாழ்வார் இதை நேரில் கண்டு, 1969-இல் வேலையை விட்டு வெளியேறினார். பின்னாளில் அவரும் நண்பர்களும் உருவாக்கிய 'குடும்பம்' அமைப்பு, கீரனூர் பக்கம் ஓடுகம்பட்டியில் ஒன்றுக்கும் உதவாது என்று விடப்பட்ட நிலத்தில் ஒரு பண்ணையை உருவாக்கியது. பெயர் கொழுஞ்சிப் பண்ணை. கொழுஞ்சி நம் தரிசில் தானாக முளைக்கும் செடி. வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். மடக்கி உழுதால் அதுவே உரம். விழும் மழையை வரப்பு கட்டி நிறுத்துவது, வரப்பில் மரம் வளர்ப்பது, இலைதழையால் மண்ணை மூடுவது. புதிதாக எதுவும் இல்லை, மறந்துபோனதை மறுபடி செய்தார்கள்.

பலா, போராட்டம், புயல்

மாவட்டத்தின் கிழக்கே ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், நெடுவாசல் பக்கம் போனால் வேறு உலகம். மேற்கே அடியில் பாறை. கிழக்கே ஆழமான படிவு மண், அதில் நிலத்தடி நீர். ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு இங்கே பலா, வாழை, தென்னை, பூ எல்லாம் செழித்தன. மர நிழலில் ஊடுபயிர் போட்டார்கள், சமவெளியில் மிளகுகூட ஏற்றினார்கள்.

அதே படிவுப் பாறைக்குள்தான் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. 2017 பிப்ரவரியில் நெடுவாசலுக்கு ஹைட்ரோகார்பன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஊரே திரண்டு போராடியது ஏன் என்று இப்போது புரிகிறதா? அவர்கள் காத்தது ஒரு தோப்பை மட்டுமல்ல, அதன் கீழே உள்ள தண்ணீரை. 2020-இல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தபோது, புதுக்கோட்டையில் ஐந்து ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன.

இடையில் 2018 நவம்பர் 16. கஜா புயல். ஒரே இரவில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் ஒரு போகம் போகும். தாத்தா வைத்த பலா போனால்? மறுபடி காய்க்கப் பேரன் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் பல ஊர்களில் இளைஞர்கள் சொந்தக் காசு போட்டுக் குளம் தூர்வாரினார்கள். அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆழ்துளைக் கிணறு வந்ததும் 'இனி கண்மாய் எதற்கு' என்று விட்டுவிட்டோம். வரத்து வாய்க்காலை ஆக்கிரமித்தோம். தைலமரக் காடுகள் மழைநீரைத் தடுக்கின்றன என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் ஆழ்துளைக் கிணற்றுக்கும் தண்ணீர் மேலே இருந்துதான் போக வேண்டும். கண்மாய் நிறையாமல் கிணறு எத்தனை நாள் ஊறும்? இயற்கை உரம் மட்டும் போட்டு, நீரை ஆயிரம் அடியிலிருந்து உறிஞ்சினால் அது நீடித்த விவசாயம் ஆகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

சித்தன்னவாசல் போனால் குகைக் கூரையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள். தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். வறண்ட ஊர் என்கிறோம், ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கே ஒருவன் கூரையில் வரைந்தது நிறைந்த குளத்தைத்தான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்க் கண்மாயில் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்குத் தண்ணீர் வரும் வழி இன்னும் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.