கம்பி எட்டாத ஊருக்குச் செய்தி போன கதை

இன்றைக்கு நம்ம ஒவ்வொருத்தர் செல்போனிலும் நெட் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு கிராமத்துக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வைத்து, அதை வெளியூர் கம்ப்யூட்டரோடு இணைப்பதே பெரிய காரியம். அதைச் சாதித்த ஊர்களில் மீனவ கிராமங்களும் உண்டு. நடத்தியவர்களில் நம்மைப் போன்ற பெண்களும் உண்டு.

1998-இல், சென்னை தரமணியில் இருக்கிற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிதியுதவியோடு புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கே டெலிபோன் லைன் மூலம் இன்டர்நெட் வந்தது. சுற்றியுள்ள கிராமங்களுக்கு நம்பிக்கையான லைன் கிடையாது. அதனால் வி.எச்.எஃப். ரேடியோ வைத்தார்கள். கடலுக்குப் போகிற படகில் பேசுகிற வயர்லெஸ் செட் மாதிரிதான் அது. கம்ப்யூட்டரில் உள்ள செய்தி அந்த ரேடியோ வழியாகவே கிராமத்துக்குப் போனது. அதிலேயே பேசவும் முடிந்தது. கரண்ட் போனால் கைகொடுக்க சோலார் தகடு இருந்தது.

மையத்துக்கு இடமும் தொண்டர்களும் ஊர் கொடுக்க வேண்டும். ஏம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே இடம் கொடுத்தார்கள். சாமி கும்பிடுகிற வாசலில் சாதிக்கும் தீட்டுக்கும் தடை இருந்தது. கம்ப்யூட்டர் இருந்த வாசல் தனி. அதில் யாரும் நுழையலாம். அதை நடத்தியவர்கள் பெண்கள்.

வீராம்பட்டினம் மீனவ ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரம் தினமும் வரும். அதை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று கரையில் இருந்தே முடிவு செய்யலாம். புருஷனையும் பிள்ளையையும் கடலுக்கு அனுப்பிவிட்டு வாசலில் காத்திருக்கிறவங்களுக்கு அந்த ஒரு வரிச் செய்தியின் மதிப்பு தெரியும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நல்லவாடு என்ற இன்னொரு புதுச்சேரி மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். செய்தி பார்த்துப் பதறி வீட்டுக்குப் போன் செய்தார். தண்ணீர் உள்ளே வருகிறது என்றார்கள் வீட்டில். உடனே ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். தகவல் மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள்.

அன்றைக்கு நம்ம நாட்டில் சுனாமி எச்சரிக்கை மையமே இல்லை. சுமத்ராவில் பூமி அதிர்ந்து சுமார் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் அலை இங்கே வந்தது. காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை அந்த நேரம் சும்மா போனது. பலரை இழந்தோம். பலர் எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்குப் போனார்கள்.

2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. அலை உயரமும் தினமும் சொல்கிறார்கள். தகவல் நம்ம போன் வரைக்கும் வருகிறது. அங்கிருந்து, போன் இல்லாத பாட்டிக்கும் தூங்குகிற பிள்ளைக்கும் கொண்டு போகிறவள் நம்ம குழுப் பெண்தான். நல்லவாட்டில் கதவை உடைக்க வேண்டி வந்தது. ஆகவே ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்திலேயே இரண்டு விஷயம் தீர்மானிக்கட்டும்: தெருவுக்கு ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது? அந்த அறைச் சாவி, பக்கத்திலேயே குடியிருக்கிற எந்த இரண்டு பேரிடம் இருக்கும்?