தரை சொல்லும் சரித்திரம்

பழைய மாளிகையின் பெருமையைப் பேசுவோர் அதன் தூண்களைப் பேசுவர், கூரையைப் பேசுவர், கட்டுவித்த பிரபுவின் பெயரையும் தவறாது பேசுவர். காலின் கீழ் கிடக்கும் மரத்தரையைப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், பாடுபட்டவனின் கைத்தடம் அம்மாளிகையில் எங்கேனும் எஞ்சியிருக்குமெனின், அது பெரும்பாலும் அத்தரையிலேதான். ஆங்கில நாட்டு வீடுகளின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

1666ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் பெருந்தீக்கு இரையாயிற்று. மறு ஆண்டில் பிறந்த சட்டம், புறச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோ எழுப்புமாறு பணித்தது. உள்ளேயோ, உத்திரமும் மாடித் தரையும் மரமாகவே நின்றன. உள்நாட்டு ஓக் மரம் அருகிவிட்டமையால், நார்வேயிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் பைன் மரங்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. அவற்றைப் பலகையாக்கியவர்கள் வாள்காரர்கள். குழியின்மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவன் அதன்மீது நின்று வாளைக் கோட்டின் வழியே நடத்துவான். மற்றவன் குழிக்குள் நின்று, கண்ணிலும் வாயிலும் மரத்தூள் கொட்ட, வாளைக் கீழே இழுப்பான்.

பலகையின் மேற்புறம் இழைப்புளியால் இழைக்கப்பட்டது; அடிப்புறமோ அறுத்தபடியே விடப்பட்டது. இன்றும் அத்தகைய பலகையொன்றைப் பெயர்த்துத் திருப்பினால், ஒழுங்கற்ற நேர்கோடுகளாக அவ்வாளின் தடங்களைக் காணலாம். பலகைகள் ஒரே கனமாக அமையாமையால், சட்டத்தின்மேல் பொருந்தும் இடங்களை மட்டும் வாய்ச்சியால் செதுக்கிச் சமன் செய்த வெட்டுக்களும் காணப்படும். 19ஆம் நூற்றாண்டில் பரவிய நீராவி வட்டவாள் விட்டுச்சென்ற தடமோ வில்போல் வளைந்திருக்கும். ஆக, கல்வெட்டு இல்லாத வீட்டிலும் காலத்தைக் கணிக்கப் பலகையின் அடிப்புறம் உதவுகிறது.

மேற்புறத்தின் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான பைன் தரைகளுக்கு வார்னிஷ் பூசும் வழக்கமில்லை. வேலைக்காரப் பெண்கள் முழந்தாளிட்டு, மணலையும் நீரையும் கொண்டு அவற்றைத் தேய்த்து வெளுப்பாக்கினர். ஆண்டுக்கணக்காகத் தேய்த்ததில் மென்மையான பாகம் தேய்ந்தது. வலிய கணுக்கள் மேடாக எழுந்து நின்றன. அப்பெண்களின் பெயரை எந்தச் சரித்திர நூலும் கூறவில்லை, அம்மேடுபள்ளங்களே கூறுகின்றன.

பின்னர் விக்டோரியா இராணியார் காலத்தில், அறையின் நடுவே கம்பளம் விரித்து, சுற்றோரத்துக்கு மட்டும் கருஞ்சாயம் பூசினர். 20ஆம் நூற்றாண்டில் லினோலியமும், சுவர்க்குச் சுவர் விரித்த கம்பளமும் தரையை மறைத்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், மறைந்ததை மீட்போம் என்று கிளம்பியவர்கள், உப்புத்தாள் சுற்றிய தேய்ப்பு இயந்திரத்தைத் தரையில் உருட்டினர். ஒரே நாளில் தரை புதியதுபோல் மின்னிற்று. ஆனால் கணுக்களின் மேடும், நடந்து தேய்ந்த வாயிற்படியோரப் பள்ளமும், காலம் ஏற்றிய நிறமும் தூளாகப் பறந்தன. வண்டு குடைந்த வழிகள் மேலே திறந்துகொண்டன. மீட்கப் புகுந்தவர் அழித்தார்!

இத்தகைய விபரீதத்தை முன்னரே எதிர்த்தவர் வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர். மாதாகோயில்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லிச் சுவர்களின் பழைய பூச்சைச் சுரண்டியெறிந்த காலத்தில், 1877ஆம் ஆண்டு அவர் நண்பர்களுடன் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்பதே அச்சங்கத்துக்கு வழங்கிய செல்லப்பெயர். பழுது பார், பழமையைப் போலியாக உண்டாக்காதே என்பதே அதன் கொள்கை. செல்வர் குடும்பத்தில் பிறந்தும் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்துழைத்த அவர், பழைய வேலையில் அதைச் செய்த தொழிலாளியைக் கண்டதில் வியப்பில்லை.

அக்கொள்கையின்படி தரையைப் பழுதுபார்க்கும் முறை எளியது. பொறுமை மட்டும் வேண்டும். பெயர்க்கும் பலகைகளுக்கு எண்ணிட்டு, முன்னிருந்த வரிசையிலேயே திரும்பப் பதிக்கவேண்டும். மக்கிய பாகத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே இனத்து மரத்துண்டை ஒட்டவேண்டும். அகன்ற இடுக்குகளில் பழைய மரத்தின் மெல்லிய கீற்றுகளைச் செருகலாம். மேற்புறத்தை மென்மையாகக் கழுவி, உலர்ந்தபின் மெழுகிடுவதே போதும். எல்லாவற்றினும் முதன்மையானது, ஈரத்தின் மூலத்தைக் காண்பது. சுவரடியில் காற்றுப் புகும் துளைகள் அடைபட்டு, மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஏறினால் காளான் பற்றும். துளையைத் திறவாமல் புதுப்பலகை போடுவது, நோயை விட்டுப் புண்ணுக்குப் பட்டுத்துணி கட்டுவதாகும்.

நிற்க. நம் மலாய் நாட்டிலும் இவ்விஷயம் அயலானதன்று. 2008ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பினாங்கு ஜார்ஜ் டவுனிலும் மலாக்காவிலும், கடைவீடுகளின் மாடித்தரைகள் கடுமரப் பலகைகளாலானவை. கறையானுக்கு எளிதில் இடங்கொடாத செங்கால் மரம் நம் காடுகளின் செல்வம். இயந்திர ஆலைகள் பெருகுமுன் அக்காட்டு மரங்களைக் கையால் அறுத்தவருள் மிகுந்தோர் சீனத் தொழிலாளர். அவ்வீடுகளைப் புதுப்பிக்கும் செல்வர்கள், பளபளப்பை வேண்டித் தரையைச் சுரண்டுமுன், பலகையொன்றைத் திருப்பிப் பார்ப்பார்களாக.

சீர்திருத்தம் பேசும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மக்கியதை இரக்கமின்றி வெட்டியெறிய வேண்டும். அது மக்கியதன் காரணத்தையும் களையவேண்டும். ஆனால் உழைத்தவரின் தடத்தை மெருகின் பெயரால் துடைப்பது சீர்திருத்தமாகாது. அது மறதியே ஆகும்.