யாழ்ப்பாணம்–சென்னை வான்வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பலாலி விமான நிலையத்தையும் சென்னை மீனம்பாக்கத்தையும் இணைக்கும் பறப்புப் பாதை. நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 355 கி.மீ. இரு நிலையங்களும் 80° கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியே அமைந்திருப்பதால் விமானம் கிட்டத்தட்ட நேர் வடக்காக, பெரும்பகுதி கடலுக்கு மேலாகச் செல்கிறது. பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானை 330 கி.மீ. அளவில் உள்ளது. ஆகவே வானில் அளந்தால் குடாநாட்டுக்குத் தலைநகரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தொலைவுதான்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையால் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது குடிசார் சேவைக்கு வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று, இலங்கை சுதந்திரம் பெற இரண்டு மாதங்கள்கூட இல்லாத நிலையில், எயார் சிலோன் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. ‘சீதா தேவி’ என்று பெயரிடப்பட்ட டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னை சென்றது. நாட்டின் தேசிய விமான சேவை முதன்முதலில் தரைதொட்ட இடம் யாழ்ப்பாணம் என்பது கொழும்பில் எழுதப்படும் வரலாறுகளில் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. ‘விகாரமகா தேவி’, ‘சுனேத்ரா தேவி’ என்பன உடன்பிறப்பு விமானங்கள். மணிக்கு 300 கி.மீ. அளவில் பறந்த டகோட்டாவுக்குப் பலாலி–சென்னைத் தூரம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பறப்பு.

1970களின் இறுதியில் எயார் சிலோனின் காலம் முடிந்தது; பலாலியின் பன்னாட்டுச் சேவையும் நின்றது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் நிலையம் படைத்தளமாயிற்று. சுற்றிலுமிருந்த வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமாகி, மக்கள் வெளியேறினர். சென்னை செல்ல விரும்பியவர் முதலில் 400 கி.மீ. அளவிலான தரைவழியில் கொழும்பு சேர்ந்து, கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ 645 கி.மீ. வடக்கே பறக்கவேண்டியிருந்தது, அதாவது தம் ஊரின் அட்சரேகையைத் தாண்டித் திரும்பவும் மேலேறவேண்டும். 2006 ஆகஸ்டில் அத்தரைவழியிலுள்ள ஏ9 வீதி மூடப்பட்டபின் கொழும்பு போவதற்கே கப்பலோ விமானமோ தேவைப்பட்டது. அக்காலத்தில் இவ்வழியின் பயண நேரத்தைக் கணிக்க மணிக்கூடு உதவாது. அனுமதிப் பத்திரமும் காத்திருப்புமே அளவுகோல்.

2019 அக்டோபர் 17 அன்று நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஊர் வழக்கில் அது பலாலிதான், இங்கும் அப்படியே. நவம்பரில் அலையன்ஸ் எயார் சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றால் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் பறக்கிறது. ஓடுபாதையின் அளவு காரணமாக ஏ.டி.ஆர். 72 போன்ற சுழல்விசிறி விமானங்களே வருகின்றன. மணிக்கு 500 கி.மீ. வேகம் கொண்டவை இவை. ஆயினும் தரையில் ஓடும் நேரத்தையும் சேர்க்கும் நேர அட்டவணை ஒன்றேகால் மணித்தியாலத்துக்கும் மேல் காட்டுகிறது. 2025 மார்ச் 30 முதல் திருச்சிக்கும் சேவை உண்டு; தூரம் சுமார் 185 கி.மீ.