கப்பலை எதிர்நோக்கிய நகரம்

மெக்சிக்கோ நாட்டின் தென்மேற்குக் கரையில், பசுபிக் சமுத்திரத்தை நோக்கிய ஆழமான குடாவொன்றின் ஓரத்தே அமைந்தது அக்கபுல்கோ நகரம். உல்லாசப் பிரயாணக் கப்பலில் அங்கு சென்று இறங்குவோருக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரு பகற்பொழுதே. கடற்கரையில் உலாவி, செங்குத்தான பாறையினின்று இளைஞர் கடலிற் குதிக்கும் வேடிக்கையைப் பார்த்து, மாலையில் அவர்கள் கப்பலுக்கு மீள்வர். ஆயினும், கப்பல்துறைக்கு அருகேயுள்ள மேட்டில் ஐங்கோண வடிவாய் நிற்கும் சான் டியேகோ கோட்டைக்குள் ஒரு மணித்தியாலம் செலவிடுவோர், கப்பலின் வரவையே வாழ்வாகக் கொண்டிருந்த ஒரு நகரின் கதையை அறிந்துகொள்வர்.

அக்கதை 1565ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. மெக்சிக்கோவை அடிப்படுத்திய ஸ்பானியர், அங்கிருந்து மேற்கே பாய்விரித்துப் பிலிப்பைன் தீவுகளை அடைந்தனர். அவர்களைக் கொண்டுசென்ற கீழ்க்காற்றே அவர்கள் திரும்பும் வழியை அடைத்தும் நின்றது. மாலுமிக் கலையிற் கைதேர்ந்த உர்தானேத்தா என்னும் துறவி இதற்கு ஒரு வழி கண்டார். நேரே கிழக்கு நோக்கிச் செல்லாது, வடக்கே யப்பான் தேசத்தின் அகலக்கோடு வரை ஏறி, அங்கு வீசும் மேல்காற்றின் துணையுடன் கலிபோர்ணியாக் கரையை அணுகி, பின் தெற்கே இறங்கி அக்கபுல்கோவைச் சேர்ந்தார். அவர் கண்ட வழியிலே இரண்டரை நூற்றாண்டு காலம் கப்பல்கள் ஓடின.

மணிலாவிலிருந்து புறப்படும் கப்பல் நான்கு முதல் ஆறு மாதம் வரை கடலிற் கிடந்து அக்கபுல்கோவை அடையும். சீனத்துப் பட்டும் பீங்கானும், கீழைத்தேயத்து வாசனைத் திரவியங்களும் அதில் வந்தன. சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட பருத்தித் துணிகளும் மணிலா வழியாக அங்கு சென்றன. மீளும் கப்பல் மெக்சிக்கோவின் வெள்ளியை ஏற்றிச் சென்றது. சீனத்தில் வெள்ளிக்கிருந்த பெருந்தேவையே இவ்வர்த்தகத்தின் உயிர்நாடி. தன் நாட்டு வணிகரின் நலங்கருதிய ஸ்பானிய அரசு, 1593ஆம் ஆண்டில் ஆண்டுக்கு இரு கப்பல்களே செல்லலாம் எனக் கட்டளையிட்டது.

கப்பல் வந்ததும் அக்கபுல்கோவிற் பெருஞ்சந்தை கூடும். தலைநகரிலிருந்து வணிகர் கோவேறு கழுதைகளுடன் மலைவழியே வந்திறங்குவர். சந்தை முடிந்ததும் அனைவரும் அகன்றுவிடுவர். 1697ஆம் ஆண்டில் மணிலாக் கப்பலில் அங்கு வந்திறங்கிய இத்தாலியப் பிரயாணி ஜெமெல்லி கரேரி, பெரும் வர்த்தகத் துறை என்று பெயர்பெற்ற அவ்வூர் எளிய மீனவர் சிற்றூர் போலவே இருந்ததென எழுதினார். செல்வம் அனைத்தும் அவ்வூரின் வழியாகச் சென்றது, அங்கே தங்கவில்லை.

தங்கியவர் மனிதரே. இந்தியக் கரைகளிலும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலும் அடிமைகளாக்கப்பட்டோர் பலர் இக்கப்பல்களில் வந்தனர். எந்நாட்டிற் பிறந்தவராயினும் அவர்களைச் 'சீனர்' என்ற ஒரே பெயரால் ஸ்பானியர் அழைத்தனர். பிறந்த மண்ணின் பெயரும் அவர்களுக்கு எஞ்சவில்லை. இந்தியாவிற் பிறந்து, போர்த்துக்கேயரால் கவரப்பட்டு, கொச்சி, மணிலா வழியாக மெக்சிக்கோவில் விற்கப்பட்ட கத்தரீனா டி சான் ஹுவான் என்னும் பெண்மணி அவர்களுள் ஒருவர். புவேப்லா நகரில் பக்தியாற் புகழ்பெற்று, 1688ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஆசிய அடிமைகளை விடுவிக்கும் ஆணை 1672ஆம் ஆண்டிற்றான் பிறந்தது.

கப்பலில் வேலை செய்த பிலிப்பைன் மாலுமிகள் பலர், திரும்பும் பயணத்தின் கொடுமைக்கு அஞ்சிக் கரையிலேயே தங்கிவிட்டனர். தென்னையிலிருந்து கள்ளிறக்கும் தொழிலை அப்பசுபிக் கரையிற் பரப்பியவர் அவர்களே. ஸ்பானிய மதுவின் விற்பனை இதனாற் குன்றுகிறதென்று கப்பற்றலைவர் ஒருவர் 1619ஆம் ஆண்டில் அரசருக்கு முறையிட்டார். 'தூபா' என்ற பிலிப்பைன் பெயராலேயே அப்பானம் இன்றும் மெக்சிக்கோவின் மேற்குக் கரையில் விற்கப்படுகின்றது.

1615ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கப்பல்கள் குடாவினுள் நுழைந்தபோது எழுந்த அச்சமே கோட்டை கட்டப்படக் காரணமாயிற்று. 1776ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் அது சிதைந்தது. இன்றைய ஐங்கோணக் கோட்டை 1783ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சுதந்திரப் போர்த் தலைவர் மொரேலோஸ் 1813ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றினார். இரு ஆண்டுகளின் பின், 1815இல், இறுதி மணிலாக் கப்பல் புறப்பட்டுச் சென்றது. 1986ஆம் ஆண்டிலிருந்து கோட்டை நூதனசாலையாக விளங்குகின்றது.

கப்பல் வராத நகரம் நெடுங்காலம் அயர்ந்து கிடந்தது. 1927ஆம் ஆண்டில் தலைநகரிலிருந்து மோட்டார் வீதி திறக்கப்பட்டபின், சரக்குக்குப் பதிலாக உல்லாசப் பிரயாணிகள் வந்தனர். மீண்டும் நகரின் உணவு வெளியார் வருகையிற் றங்கியது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் வேகத்துடன் ஓட்டிஸ் என்னும் சூறாவளி தாக்கியது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விடுதிகளும் வீடுகளும் ஒருங்கே சிதைந்தன. விருந்தினர் தம் நாடுகளுக்குத் திரும்பினர். இடிபாட்டை அகற்றும் பணியோ, அன்று சந்தை கலைந்தபின் தங்கியோர்க்குப் போலவே, ஊரிலிருந்தோர் பங்காயிற்று.

நூதனசாலையில் வைத்துள்ள பட்டையும் பீங்கானையும் பார்த்து வியப்பது எளிது. அவற்றைச் சுமந்து கரைசேர்த்து, அக்கரையிலேயே வாழ்ந்து மடிந்த பெயரறியா மக்களையும் எண்ணிப் பார்க்கும் பிரயாணியே அக்கபுல்கோவை உண்மையிற் கண்டவராவர்.