கல்லும் கல்லறையும்: புலிமான்கோம்பை நடுகல்லும் கிறித்தவப் புனிதர் வழிபாடும்

தமிழகக் கிறித்தவரின் புனிதர் வழிபாட்டைப் பிற சமயங்களின் இறந்தோர் வழிபாட்டோடு ஒப்பிட முனையும் எவரும் சூசன் பெய்லியைத் தாண்டிப் போக முடியாது. ‘புனிதர்கள், தேவியர், மன்னர்கள்’ என்ற அவருடைய நூல் 1989இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக வந்தது. அதில் அவர் நிறுவிய கருத்து இன்று ஆய்வேடுகள் பலவற்றில் முன்முடிவாகவே புழங்குகிறது. தென்னாட்டுப் புனிதரும் பீரும் அம்மனும் வீரனும் ஒரே சக்தி மண்டலத்தைச் சேர்ந்தவர்கள். போர்க்குடிகளின் குருதி சார்ந்த வழிபாட்டு மரபுக்குள் கிறித்தவம் குடியேறியபோது, புனிதர் அந்த மரபின் இன்னொரு வீரத்தெய்வமாக ஏற்கப்பட்டார் என்பது அதன் சாரம். இந்த வாசிப்பின் அடித்தளத்தை இக்கட்டுரை மறுக்கிறது. மறுப்புக்குரிய சான்று தேனி மாவட்டத்தில், வைகைக் கரையில் கிடைத்த ஒரு கல்.

முதலில் பெய்லிக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். மதம் மாறியவர்கள் வேரறுந்தவர்கள், மிஷனரியின் நிழலில் வாழ்ந்தவர்கள் என்ற பழைய எண்ணத்தை உடைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஓரியூரை அவர் கண்கொண்டு பார்த்தால் அவர் சொல்வது கண்முன்னே நிற்கும். அருளானந்தர் என்று தமிழர் அழைத்த இயேசு சபைக் குரு ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். குருதி விழுந்த இடத்து மண் சிவந்தது என்ற நம்பிக்கையில் அந்தச் செம்மண்ணை இன்றும் மருந்தாக எடுத்துச் செல்கிறார்கள். மறவரும் கள்ளரும் உடையாரும் அங்கே கூடுகிறார்கள், முடி இறக்குகிறார்கள், நேர்ச்சைக் கிடாய் வெட்டிச் சமைத்துப் பந்தி வைக்கிறார்கள். செல்வா ராஜ் இந்தப் பயணத்தை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

பெய்லியின் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் இன்னொரு சான்றையும் மறைக்காமல் முன்வைக்கிறேன். நாயக்கர் ஆட்சியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதாகக் கதை சொல்லும் மதுரைவீரன், தன்னைக் கொன்ற ஊரிலேயே காவல் தெய்வமானவன். அரசாணை, வெட்டுண்ட உடல், பிறகு அதே மண்ணில் வழிபாடு என்ற வரிசை அருளானந்தருக்கும் பொருந்துகிறது. வரிசையை மட்டும் பார்த்தால் இருவரும் ஒருவரே.

வரிசை ஒன்றாக இருப்பதாலேயே பொருளும் ஒன்றாகிவிடுமா என்பதுதான் கேள்வி. பெய்லி இறந்தவரைச் சுற்றி வாழ்பவர்கள் செய்வதை நுணுக்கமாகக் காண்கிறார். இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார், அவரால் என்ன ஆகும், அவருக்கு நம்மால் ஆக வேண்டியது என்ன என்ற கேள்விகளை அவர் கேட்பதில்லை. இறையியல் தொடங்குவது அங்கேதான். மேலும், கிறித்தவம் வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் அந்தப் பழைய அடித்தளம் ஒன்றாகவும் மாறாததாகவும் இருந்தது என்பது அவருடைய வாசிப்புக்கு அடியில் இருக்கும் எடுகோள். அதைச் சோதிக்கத்தான் அந்தக் கல் கிடைத்த ஆண்டிப்பட்டி வட்டத்துக்கு வருகிறோம்.

2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் முழுமையானது ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று வாசிக்கப்பட்டுள்ளது. கூடல் ஊரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல் என்பது பெரிதும் ஏற்கப்பட்ட பொருள். கல்லில் உருவம் இல்லை, எழுத்து மட்டுமே. செங்கம் பகுதியில் கிடைத்த பிற்கால நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரனைக் காண்கிறோம். மன்னனின் ஆட்சியாண்டைப் படிக்கிறோம். இங்கே அரசனும் இல்லை, ஆண்டும் இல்லை, ஆயுதமும் இல்லை.

இந்தச் சிறு தொடரில் எவ்வளவு தீராமல் கிடக்கிறது என்று பாருங்கள். கூடல் ஊர் எது? குமுளி மலையடிவாரத்துக் கூடலூர் என்று கொள்வோர் உண்டு. கூடல் என்பது மதுரைக்கும் பெயர். ஆறுகள் கூடும் இடமெல்லாம் கூடலூர் ஆகலாம். கம்பம் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் நிலத்தையும் மலைவழியையும் நினைக்கும்போது முதல் கருத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது. அதைச் சான்று என்று சொல்ல மாட்டேன். அடுத்து, அந்தவன் எந்தப் பக்கம் நின்றான்? ஆகோள் என்பதைத் தொல்காப்பியம் வெட்சியில் வைக்கிறது. எனவே அவன் மாட்டைக் கவரப் போனவனாக இருக்கலாம். கவர்ந்ததை மீட்கப் போய் விழுந்தவனாகவும் இருக்கலாம். கல் நிகழ்வைச் சொல்கிறது. அவன் தரப்பைச் சொல்லவில்லை.

காலமும் முடிவாகவில்லை. ராஜன் இந்தக் கற்களுக்கு கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரை செல்லும் பழமையைத் தருகிறார். தமிழ்-பிராமி அசோகனுக்குப் பிந்தியது என்று கொண்ட ஐராவதம் மகாதேவனின் கணக்குப்படி அந்த மேல் எல்லை நிற்காது. கொடுமணல், பொருந்தல் அகழாய்வுகளுக்குப் பிறகு இந்த விவாதம் சூடேறியதே தவிர முடியவில்லை. என் வாதத்துக்கு இரண்டில் எதுவானாலும் போதும். கிறித்துவுக்கு முந்தியது என்பதில் இரு தரப்புக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இனி வாதத்துக்கு வருகிறேன். இந்தக் கல் இறந்தவனிடம் எதையும் கேட்கவில்லை. அவன் காப்பான் என்றோ, தருவான் என்றோ, சினந்தால் அழிப்பான் என்றோ அதில் இல்லை. பெயர், ஊர், செயல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. பிற்காலத்து வீரத்தெய்வத்தின் குருதியும் சினமும் தணிப்பும் இந்தக் கல்லில் தென்படவில்லை. அருளானந்தர் இறந்தபோது இந்தக் கல்லுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது. இடையில் நடுகல் எத்தனையோ உருவம் எடுத்துவிட்டது. பெய்லி காட்டும் போர்க்குடி மரபு நாயக்கர், பாளையக்காரர் காலத்துக்கு உரியது. அந்த மரபே அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. கிறித்தவம் ஒரு பழைய வீட்டுக்குள் குடிவரவில்லை; பக்கத்து வீடு எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் தன் வீட்டையும் கட்டியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கல்வெட்டில் வழிபாடு இல்லை என்பதால் வாழ்வில் வழிபாடு இல்லை என்றாகாது. காட்சி முதல் வாழ்த்தல் ஈறாகக் கல் எடுக்கும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. படையலும் வாழ்த்தும் அவற்றில் அடக்கம். புறநானூற்று 335ஆம் பாட்டு, போரில் வீழ்ந்தவனின் கல்லைத் தவிர நெல்லிட்டுப் பரவும் கடவுள் வேறில்லை என்னும் அளவுக்குப் போகிறது. இந்த மறுப்பை ஏற்கிறேன். ஆயினும் அந்தக் கல்லை நட்டவர்கள் இருந்த சிறிய இடத்தில் எதைப் பொறிக்கத் தேர்ந்தார்கள் என்பதற்கு ஓர் எடை உண்டு. வழிபாடு இருந்திருந்தாலும் கல்லின் முதல் வேலை பெயரை நிறுத்துவதாகவே இருந்தது. சான்று மெலிந்த இடம் இது என்று தெரிந்தே இதை வலியுறுத்துகிறேன்; எதிர்த்தரப்புக்கும் இதே கல்தான் சான்று, அவர்களுக்கும் இது மெலிந்ததே.

அருளானந்தருக்குத் திரும்புவோம். மறவர் தலைவர் தடியத்தேவர் அவரிடம் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவருடைய முறையீடே பிரிட்டோவை ஓரியூருக்குக் கொண்டு சேர்த்தது. பிரிட்டோவின் கையில் ஆயுதம் இல்லை, பின்னால் படையும் இல்லை. சாவதற்கு முந்திய நாள் சிறையிலிருந்து உடன் துறவியருக்குக் கடிதம் எழுதினார். ஒருவரை மறைசாட்சி ஆக்குவது பட்ட துன்பமல்ல, அவர் துன்பப்பட்ட காரணமே என்று அகஸ்தீன் வகுத்த அளவுகோலைத் திருச்சபை இந்தச் சாவுக்கும் வைத்தது. வைத்த கையோடு விடையும் சொல்லிவிடவில்லை. பூணூல், சந்தனம் முதலிய மலபார்ச் சடங்குகளை அவர் கைக்கொண்டது அவருடைய வழக்குக்குத் தடையா என்ற கேள்வி எழுந்தது. தடையில்லை என்று 1741இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்த்தார். முத்திப்பேறு பெற்றவர் பட்டம் 1853இல் வந்தது. புனிதர் பட்டம் 1947இல்.

பெய்லியின் வாசிப்பு விளக்க முடியாத இடம் இதுவே. அந்தவன் எந்தத் தரப்பில் நின்றான் என்று கல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை நட்டவர்களுக்கு இல்லை. அருளானந்தர் எதற்காக இறந்தார் என்பதையே இருநூற்று ஐம்பது ஆண்டுகள் விசாரித்தார்கள். ஓரியூருக்குப் போன மறவர் உரோமையின் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் காத்திராத அதே மக்கள்தான் தங்கள் குருவானவர்களிடம் அவரை மறைசாட்சி என்று சொல்லக் கேட்டார்கள்; அவரிடம் கேட்டதைக் கடவுளிடம் கேட்டுத் தரும்படி செபித்தார்கள். டேவிட் மோஸ் இராமநாதபுரம் சீமையில் நடத்திய களஆய்வு, புனிதருக்கும் ஊர்த்தெய்வத்துக்கும் உள்ள எல்லையை ஊரார் தெரிந்தே காக்கிறார்கள் என்பதைக் காட்டியது. மதுரைவீரனைத் தணிக்க வேண்டும். அருளானந்தரைத் தணிக்க வேண்டியதில்லை; அவர் தம்மைக் கொன்றவர் மீது சினத்தோடு அலையவில்லை. ஓரியூர்க் கிடாய் ஒருவரின் கோபத்துக்கு ஈடு அல்ல. கேட்டது கிடைத்ததற்கு வைக்கும் பந்தி.

கம்பம் பள்ளத்தாக்கை ஒரு முறை சுற்றி வந்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். உத்தமபாளையத்துச் சமணர் மலையில் தீர்த்தங்கரர் உருவங்களின் அடியில் வட்டெழுத்தில் அச்சணந்தியின் பெயர் இருக்கிறது. பேர் எழுதப்பட்ட முனிவர் அங்கே வரம் தருபவர் அல்லர், திருமேனி செய்வித்தவர். சமணரின் இறந்தோர் நினைவைக் காண வடக்கே திருநாதர்குன்றத்துக்குப் போக வேண்டும். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடமான நிசீதிகை அங்கே உள்ளது. கல் நோன்பின் நாட்களை எண்ணிச் சொல்கிறது. வினை கழித்துப் போனவரிடம் கேட்கவும் அவருக்குக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. கம்பத்து இராவுத்தர்கள் நடுவே தர்காவுக்குப் போகிறவர், இறைநேசரை முன்னிட்டு இறைவனிடம் கேட்கலாம் என்று நம்புகிறார்; அதே ஊரில் அது கூடாது என்று மறுக்கும் முஸ்லிமும் இருக்கிறார்.

இராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வெள்ளையடித்த கல்லறைகளில் பூவும் மெழுகுதிரியும் வைப்பார்கள். குருவானவர் வரிசையாக வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். கூர்ந்து பார்த்தால் அங்கே செபம் இரு திசையில் ஓடுகிறது. புனிதர் நமக்காகப் பரிந்துபேச வேண்டும் என்று கேட்கிறோம். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமாக்களுக்காக நாம் பரிந்துபேசுகிறோம். புனிதருக்குச் செலுத்தும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டும் உரிய ஆராதனை வேறு என்ற பாகுபாட்டை 787இல் நீசேயாச் சங்கம் உறுதி செய்தது. 1563இல் திரெந்துச் சங்கம் புனிதர் வணக்கத்தைக் காத்தது. இரண்டுக்கும் அடியில் உள்ள நம்பிக்கை ஒன்று: புதைத்த உடல் உயிர்க்கும். நடுகல்லுக்கு அப்படி ஒரு நாளை எதிர்பார்த்திருக்கும் தேவை இல்லை.

கிறித்தவமும் இதில் ஒருமுகமல்ல. 1834இல் மதுரையில் தொடங்கிப் பெரியகுளம் வரை வந்த அமெரிக்க மிஷன் உயிர்ப்பைப் போதித்தது; ஆனால் இறந்தோரிடம் கேட்பதையும் இறந்தோருக்காகக் கேட்பதையும் சேர்த்தே தள்ளியது. ஒரே பள்ளத்தாக்கில் ஒரே சாதியினர், ஒரே வகை வீரத்தெய்வங்களின் பின்னணியிலிருந்து வந்தவர்கள், இறந்தோர் பற்றி இரு வேறு வழக்கம் கொண்டார்கள். அடித்தளம்தான் வழிபாட்டைத் தீர்மானித்தது என்றால் இந்தப் பிளவு வந்திருக்கக் கூடாது. போதனை வேறுபட்டது, அதனால் வழக்கமும் வேறுபட்டது.

பெய்லியின் நூலை ஒதுக்க வேண்டும் என்பதல்ல என் முடிவு. முடி இறக்குவதும் கிடாய் வெட்டுவதும் எங்கிருந்து வந்தன என்பதற்கு அவரே சிறந்த வழிகாட்டி. அவை எந்த நம்பிக்கையைச் சுமக்கின்றன என்பதற்கு அவருடைய நூல் போதாது. சமயங்களை ஒப்பிடும் ஆய்வு, சடங்கின் ஒற்றுமையைப் பட்டியலிட்டு நிறுத்தாமல், இறந்தவரிடம் ஒவ்வொரு சமயமும் எதை எதிர்பார்க்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். புலிமான்கோம்பைக் கல்லின் காலமும் கூடல் ஊரின் இடமும் இன்னொரு கல்வெட்டு கிடைக்கும்வரை தீராமலே இருக்கலாம். நடுகல்லையும் புனிதரையும் ஒரே மரபின் இரு பெயராகக் கொள்வதற்கு இப்போதுள்ள சான்றே இடம் தரவில்லை.