ட்ரோலப் எழுதாத பரீட்சை

1834-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் லண்டன் தலைமை அஞ்சலகத்தில் எழுத்தர் வேலைக்காக ஓர் அதிகாரியின் முன்னே போய் நின்றான். செய்தித்தாளிலிருந்து சில வரிகளைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். கொடுத்ததோ தேய்ந்துபோன பழைய இறகுப்பேனா. தாள் முழுவதும் மைத்திட்டுகள், எழுத்துப் பிழைகள். அதிகாரிக்குத் திருப்தியில்லை. பையன் பதற்றத்தில் இருக்கிறான், வீட்டில் எழுதி நாளை கொண்டுவரட்டும் என்று அழைத்து வந்தவர் பரிந்து பேசினார். கணக்கு வருமா என்று அடுத்த கேள்வி. கொஞ்சம் தெரியும் என்றான் அவன். அந்தக் கொஞ்சத்தை நாளைக் காலை சோதிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

உண்மையில் அவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடே தெரியாது. அன்றிரவு அண்ணனின் மேற்பார்வையில் கிப்பனின் வரலாற்று நூலிலிருந்து நான்கைந்து பக்கங்களை அழகாகப் படியெடுத்தான். கணக்கில் அகப்பட்டுக்கொள்வோம் என்ற நடுக்கத்தோடு மறுநாள் போனான். அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. நேராக ஒரு மேசையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். பாடுபட்டு எழுதிய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கக்கூட ஆளில்லை. ஆண்டுக்கு 90 பவுன் சம்பளம்.

பின்னாளில் நாற்பத்தேழு நாவல்களை எழுதிய ஆன்டனி ட்ரோலப்தான் அந்த இளைஞன். அவர் இறந்த பிறகு 1883-இல் வெளிவந்த சுயசரிதையில் இந்தக் கதையை அவரே சொல்கிறார். நகைச்சுவைக் காட்சியாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இலக்கணமும் அருஞ்சொற்களும் எளிய கணக்கும் கேட்கும் தேர்வுகள் உலகில் ஏன் தோன்றின என்பதற்கு இதைவிடச் சிறந்த முன்னுரை கிடைக்காது.

பரிந்து பேசியவர் கிளேட்டன் ஃப்ரீலிங். அவருடைய மனைவி, எழுத்தாளராக அப்போதே பெயர்பெற்றிருந்த ட்ரோலப்பின் தாய்க்குத் தோழி. சோதித்தவர் ஹென்றி ஃப்ரீலிங், கிளேட்டனின் சகோதரர். இருவரின் தந்தை சர் ஃபிரான்சிஸ் ஃப்ரீலிங்தான் அஞ்சல் துறையின் செயலர். ஒரு குடும்பத்தின் வரவேற்பறைக்குள்ளேயே நியமனம் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். இதில் லஞ்சம் இல்லை, விதிமீறல்கூட இல்லை. அன்றைய பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட இயல்பான முறையே அதுதான்.

இம்முறையைத் தாக்கி 1853 நவம்பரில் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. எழுதியவர்கள் ஸ்டாஃபர்ட் நார்த்கோட்டும் சார்லஸ் ட்ரெவெலியனும். ட்ரெவெலியன் மெக்காலேயின் தங்கை கணவர்; இந்தியாவில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர்; பின்னர் 1859-இல் சென்னை ஆளுநராக வந்து மறு ஆண்டே திருப்பியழைக்கப்பட்டவர். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவூலத்திலிருந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்ற தீராத பழியும் அவர்மேல் உண்டு. நியாயமான ஒரு முறையை நல்லவர்கள்தான் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் வரலாற்றுக்கு இல்லை.

1855-இல் குடிமைப் பணி ஆணையம் அமைந்தது. சிபாரிசு உடனே ஒழிந்துவிடவில்லை. சிபாரிசில் வந்தவரும் ஒரு தேர்வில் தேற வேண்டும் என்பது மட்டுமே முதற்கட்டம். கீழ்நிலை எழுத்தருக்கான பாடங்கள் எளியவை: தெளிவான கையெழுத்து, சொல்வதைப் பிழையின்றி எழுதுதல், கணக்கு, சில அலுவலகங்களில் நீண்ட கடிதத்தைச் சுருக்கி வரைதல். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன். மூன்று பத்திகளாக நீளும் இந்தத் தொகைகளைப் பிழையில்லாமல் கூட்ட வேண்டும். ஏழு கஜம் துணி இன்ன விலை என்றால் இருபத்து மூன்று கஜம் என்ன விலை என்பது போன்ற விகிதக் கணக்கும் வரும். 499-இல் ஆரியபடர் தம் நூலில் திரைராசிகம் என்று எழுதிவைத்ததும் இதே கணக்குதான். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இங்கேதான் இடறினார்கள். ஆணையம் நிராகரித்தவர்களில் பெரும்பாலோர் விழுந்தது எழுத்துக்கூட்டலிலோ கணக்கிலோதான். கிரேக்கம் படித்தவர்களுக்குக் கூட்டல் வரவில்லை.

தேர்வு வந்ததும் தேர்வுக்குத் தயார்செய்யும் தொழிலும் வந்தது. வழிகாட்டி நூல்கள், பழைய வினாத்தாள்கள், மனப்பாடத்தை உருவேற்றும் தனிப்பயிற்சி ஆசிரியர்கள் என்று இன்று நாம் காணும் அனைத்துக்கும் அந்த ஆண்டுகளில் வேர் இருக்கிறது. அப்போதே அதைப் பழித்தவர்களும் உண்டு. அவர்களில் முதன்மையானவர் ட்ரோலப். 1857-இல் வந்த 'மூன்று எழுத்தர்கள்' நாவலில் ட்ரெவெலியனை சர் கிரெகரி ஹார்ட்லைன்ஸ் என்ற பாத்திரமாக்கிக் கேலி செய்தார். பின்னாளில் இருவரும் நண்பர்களானார்கள். ஆனாலும் போட்டித் தேர்வின் மேல் அவருக்குக் கடைசிவரை அன்பு பிறக்கவில்லை.

அவருடைய வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நெட்டுருப் போட்ட தகவலை அளக்கலாம், குணத்தை எப்படி அளப்பது? அவர் வாழ்க்கையே அதற்குச் சான்றாக நின்றது. வாய்ப்பாடு தெரியாமல் உள்ளே வந்தவர் அயர்லாந்தின் கிராமங்களுக்குக் குதிரையில் அலைந்து அஞ்சல் வழிகளைச் சீரமைத்தார். பிரிட்டனின் தெருவோர அஞ்சல் பெட்டி அவர் யோசனையால்தான் 1852-இல் ஜெர்சி தீவில் முதன்முதலாக நின்றது. தேர்வு நடந்திருந்தால் இந்த மனிதரை அஞ்சல் துறை இழந்திருக்கும்.

ஆனால் அதே சுயசரிதையில் இன்னொன்றையும் சொல்கிறார். இறந்தபின் படிக்கப்படப்போகும் நூல் என்பதால் துணிந்து சொல்வதாகக் குறிப்பிட்டு, சில பதவிகளைக் 'கனவான்கள்' மட்டுமே சரிவர நிரப்ப முடியும் என்கிறார். வாதத்தின் அடித்தளம் இங்கேதான் தெரிகிறது. தேர்வு ட்ரோலப்பை இழந்திருக்கும், சரி. ஃப்ரீலிங்கின் வரவேற்பறை யார் யாரை இழந்தது? அந்தப் பட்டியல் எங்கும் இல்லை. தேர்வில் தோற்றவரின் பெயர் ஏட்டில் இருக்கும். வாசலுக்கே அழைக்கப்படாதவரின் பெயர் எந்த ஏட்டிலும் இருப்பதில்லை.

1870-இல் பெரும்பாலான துறைகளுக்குத் திறந்த போட்டி வந்தது. 1881-இல் அதே அஞ்சல் துறை பெண் எழுத்தர்களையும் திறந்த போட்டியின் வழியே எடுக்கத் தொடங்கியது. திருமணமானால் விலக வேண்டும் என்ற தடை 1946 வரை நீடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேர்வு ஒரு கதவைத் திறந்தது, எல்லாக் கதவுகளையும் அல்ல. மேற்பதவிக்குப் பல்கலைக்கழகப் படிப்பை ஒட்டிய தேர்வு, கீழ்ப்பதவிக்குக் கையெழுத்தும் கணக்கும் என்று அது தொடக்கத்திலேயே இரண்டு மாடிகளாகத்தான் கட்டப்பட்டது.

இந்தியர்களுக்கோ கதவு கடலுக்கு அப்பால் இருந்தது. ஐ.சி.எஸ். தேர்வுக்கு மெக்காலே குழு 1854-இல் பரிந்துரைத்த மதிப்பெண்களில் கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375. தேர்வு மையம் லண்டன். 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். இந்திய மண்ணில் அத்தேர்வை எழுத 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஃப்ரீலிங் குடும்பத்தின் இடத்தில் இப்போது கப்பல் கட்டணம் நின்றது.

எண்பதுகளில் நானும் ஒரு வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படித்தேன். அட்டை கிழிந்த வழிகாட்டி நூல் ஒன்று, ஒருபொருட் சொற்கள், எதிர்ச்சொற்கள், தொட்டியை நிரப்பும் குழாய்கள், எதிரெதிரே ஓடும் ரயில்கள். என் தந்தை நெசவாளி. தறிச் சத்தத்துக்கு நடுவே முன்னிடைச் சொற்களை உரக்கச் சொல்லிப் பழகியது நினைவிருக்கிறது. அந்தக் குழாய்க் கணக்குகளில் ஒன்றுகூடப் பிற்பாடு வேலையில் எனக்குப் பயன்படவில்லை. அந்த அளவில் ட்ரோலப் சொன்னது சரிதான்.

விண்ணப்பத்தில் தந்தை பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பினேன். அந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.